மறைந்திருந்து தாங்குபவை

மாதிரி ரயில் என்றவுடன், சாவி கொடுத்தால் வட்டமாக ஓடும் விளையாட்டுப் பொருளே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அதைக் கலையாகச் செய்கிறவர்கள் உலகெங்கும் உண்டு. மெய்யான ரயிலை 87 பங்கில் ஒரு பங்காகக் குறைத்து, தண்டவாளமும் மலையும் குகையும் பாலமுமாக ஒரு பலகையின்மேல் அமைக்கிறார்கள். இந்த அளவுக்கு ‘எச்.ஓ.’ என்று பெயர். புனே நகரத்தின் கோத்ரூடு பகுதியில் ஜோஷி என்பவர் நிறுவிய சிறு ரயில் அருங்காட்சியகத்தில் இதைக் காணலாம். பள்ளி விடுமுறையில் அங்கே சென்று வந்த நாள் முதல், பத்தாம் வகுப்பை எட்டவிருந்த என் மகனுக்கு வேறு பேச்சே இல்லாமற்போயிற்று.

நாங்கள் வசிப்பது கல்யாணில், ஒரே படுக்கையறை கொண்ட வீட்டில். என் தாயார் மறைந்தபின், பாம்பனில் தனித்திருந்த என் தகப்பனாரை எங்களிடம் அழைத்து வந்திருந்தோம். அவர் ரயில்வேயில் பாலக் கலாசியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். பாம்பன் பாலத்தின் இரும்பை உப்புக்காற்று தின்றுவிடாதபடி சுரண்டிச் சுரண்டி வர்ணம் பூசியே அவருடைய வாலிபம் கழிந்தது. இங்கே அவருக்குப் பேச்சுத்துணை இல்லை. பேரனுக்கு இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் சரளம். தமிழோ காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவே. ஒரே அறையில் உறங்கிய இருவரும், “சாப்பிட்டாயா?” என்பதற்கு மேல் ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. “ஜூன் மாதம் ஊருக்குப் போய்விடுவேன் அம்மா” என்று அப்பா என்னிடம் உறுதியாகச் சொல்லியிருந்தார்.

2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. புதிய பாலத்தின் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே துண்டாக நேர்மேலே உயர்கிறது. பழையதிலோ இரு பக்கத்து இறக்கைகளையும் ஆட்கள் நெம்புகோல் பிடித்துச் சுற்றித் திறக்கவேண்டியிருந்தது. அப்பா தம் உள்ளங்கைகளைப் பார்த்தபடி மௌனமாக அமர்ந்திருந்தார். அப்போது மகன், “தாத்தா, அந்தப் பழைய பாலத்தை என் பலகையில் கட்டலாமா?” என்று கேட்டான்.

அன்று மாலையே கணக்குப் போட்டார்கள். ஏறக்குறைய 2.06 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தை 87ஆல் வகுத்தால் 23 மீட்டருக்கு மேல் வருகிறது. எங்கள் வீட்டின் வாசலிலிருந்து பின்சுவர்வரை அளந்தாலும் அவ்வளவு இல்லை. ஆகவே ஆறு கண்கள் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. ஒரு கண் சுமார் 12 மீட்டர். மாதிரியில் 14 சென்டிமீட்டர். பலகையின் ஒருபுறம் தாத்தாவின் கடல்; மறுபுறம் பேரன் அறிந்த போர் காட் மலை. கர்ஜத்திலிருந்து லோனாவளாவுக்கு ஏறும் அப்பாதையில் 37 அடி தூரத்திற்கு ஓர் அடி உயரம் என்னும் கடும் ஏற்றம் இருப்பதால், பின்னாலிருந்து தள்ளுவதற்கும் இஞ்சின் சேர்ப்பார்கள்.

ஆறடிக்கு நான்கடி ஒட்டுப்பலகை ஒன்றை வாங்கி, அடியில் மரச்சட்டம் அடித்துச் சக்கரம் பொருத்தினோம். கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியதால், வேலை முடிந்ததும் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட முடிந்தது.

மகன் முதலில் மலையைச் செய்ய விரும்பினான். அப்பா சம்மதிக்கவில்லை. “தம்பி, மலையைப் பார்க்கத்தான் செய்வார்கள்; வண்டியைத் தாங்குவது கட்டை. அஸ்திபாரம் முதலில்” என்றார். தண்டவாளம் முழுவதையும் மரக்கட்டைகளின்மேல் உயர்த்தினார்கள். ஏற்றத்தில் 20 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிக உயரம். பாலத்தின் தூண்களுக்கு உள்ளே மரத்துண்டு, வெளியே அட்டை அச்சில் வார்த்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கர்டர்களைத் தடித்த அட்டையில் வெட்டினார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்பதால், மெய்யான பாலத்தில் கர்டரின் ஒரு முனையை இறுக்கி, மறுமுனை சற்று நகர இடம் விடுவார்களாம். அதை விளக்கிய அப்பா, தண்டவாள இணைப்பிலும் ஓர் அட்டைக் கனம் இடைவெளி விடச் செய்தார்.

தண்டவாளத்தைப் பார்த்தவுடன், “இது நம் அகலப் பாதையும் இல்லை, மீட்டர் பாதையும் இல்லையே!” என்றும் கண்டுபிடித்துவிட்டார். உண்மைதான். எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், அது 1,435 மில்லிமீட்டர் பாதையின் சிறுவடிவம். நம் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். மகன் வியந்துபோனான்.

கடலுக்கு நடுவில் கரும்பச்சையும் கரையோரம் வெளிர்நீலமும் தீட்டி, வார்னிஷை மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசினார்கள். முந்தியது நன்றாக உலருமுன் அடுத்ததைப் பூசினால் கலங்கிவிடும். கடல் மின்னத் தொடங்கிய வேளையில்தான் சோதனை வந்தது. மூன்றாம் தூணைக் கடக்கும்போதெல்லாம் வண்டி தடம் புரண்டது.

மகன் இஞ்சினைக் கழற்ற ஆயத்தமானான். அப்பாவோ தரையில் படுத்து, ஒரு கண்ணை மூடித் தண்டவாள மட்டத்தில் நோக்கினார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது தூண் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. “ஒரு மில்லிமீட்டர்தானே தாத்தா?” என்றான் பேரன். “87ஆல் பெருக்கிப் பார்” என்றார் அவர். ஏறக்குறைய எட்டே முக்கால் சென்டிமீட்டர்! மெய்யான பாலத்தில் அவ்வளவு தாழ்ந்தால் என்ன நேரிடும்?

தண்டவாளத்தின் கீழே காகிதத்தை மடித்துச் செருகிவிடலாம் என்றான் மகன். அப்பா தூணைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினார். தூண் பலகையோடு சேர்ந்து கீழே இறங்கியது. பிழை தூணில் இல்லை. அதற்கு நேர்கீழே சட்டமே இல்லை. பலகையை இரண்டு முக்காலிகளின்மேல் ஏற்றி, எழுபது வயதைக் கடந்த அப்பா மல்லாந்து படுத்து, கடலைத் துளைத்துவிடாத குட்டையான திருகாணிகளால் அடியில் குறுக்குச்சட்டம் பொருத்தினார். வண்டி ஓடியது.

அன்றிரவு அவர் 1964 டிசம்பர் புயலைப்பற்றிப் பேரனிடம் பேசினார். அப்போது அவருக்குப் பத்து வயது. தனுஷ்கோடிக்குச் சென்ற ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழுந்தன. ஆயினும் தூண்களில் பெரும்பாலானவை நின்றன. ஆகவேதான் பொறியாளர் ஸ்ரீதரனின் குழுவால் 46 நாட்களில் பாலத்தைச் சீர்ப்படுத்த முடிந்தது. இடையிடையே மகன் தமிழிலேயே கேள்வி கேட்டதை அடுக்களையிலிருந்து கேட்டு, நான் அசையாமல் நின்றேன்.

மலைவேலை பிறகுதான் தொடங்கியது. அட்டைக் கீற்றுகளைக் கூடைபோலப் பின்னி, மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாளை ஒட்டி, மேலே பிளாஸ்டர் பூசினார்கள். குகைக்குள் வண்டி சிக்கினால் எடுப்பதற்காக, மலையின் பின்புறத்தைக் கை நுழையும்படி திறந்தே விட்டார்கள். சலித்த மண்ணில் முதலில் காந்தத்தை ஓட்டினார்கள். இரும்புத்துகள் இஞ்சினுக்குள் புகுந்தால் மோட்டார் கெடும். பிறகு மண்ணைத் தூவி, தண்ணீர் கலந்த ஃபெவிக்காலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இறுக்கினார்கள். முற்றிய பீர்க்கங்காயின் நார் மரங்களாயிற்று. காய்ந்த தேயிலைச் சக்கை சருகாயிற்று. என் அடுக்களையும் அதில் பங்குபெற்றது.

சொன்னபடியே அப்பா ஜூன் மாதம் ஊருக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் தடுக்கவில்லை, அவருடைய வேர் அங்கேதான் இருக்கிறது. கடைசிக் கரைத்தாங்கி மட்டும் செய்யப்படாமல் இருந்தது. மற்ற தூண்களைக் கழற்றிப் பார்த்த மகன், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் அப்பா ஏதோ எழுதியிருப்பதைக் கண்டான். எந்தத் தூண், எந்தப் பக்கம் கிழக்கு, எது மேற்கு, எவ்வளவு உயரம் என்ற குறிப்பு, எல்லாம் தமிழில். அதை வாசிக்காமல் தூண்களைத் திரும்ப நிறுத்த வழியில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்க அவனுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. தெரியாத எழுத்தைத் தொலைபேசியில் தாத்தாவிடம் வர்ணித்துக் கேட்டுக்கொண்டான்.

அருமையான பெற்றோரே, பட்டணத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியையும் முதியோரின் அருமையையும் சொல்லிக் கொடுக்க நாம் மிகவும் பிரயாசப்படுகிறோம். இருவர் கையும் ஒருமித்து ஈடுபடும் ஒரு வேலையை அவர்கள் நடுவில் வைத்துப் பாருங்கள். அது ரயிலாக இருக்கவேண்டியதில்லை. பழுதான தையல் இயந்திரமாயிருந்தாலும் போதும்.

கடைசிக் கரைத்தாங்கியை மகன் தானே வார்த்து முடித்தான். அதன் அடியில் கோணல் எழுத்துகளில் ‘மேற்கு’ என்று எழுதியிருக்கிறான்.