இருபத்தெட்டு விக்கெட்டுகள்

மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது இலக்கியக் கட்டுரை. யாம் எழுதப் புகுவதோ பந்துவீச்சாளர் ஒருவரைப் பற்றி. தமிழாசிரியனுக்கு இஃது ஏன் என வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு ஒருநாள் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குச் சென்றோம். பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக் கடையிற் பூட்டு வாங்க நுழைந்தபோது, "சேர், என்னைத் தெரியுதோ?" என்றொரு குரல். எம்மிடம் பயின்ற மாணவர். பள்ளி அணிக்குப் பந்து வீசியவர். பெரும்பாலும் பன்னிரண்டாம் ஆளாகத் தண்ணீர் சுமந்தவர். "பந்தை விட்டுப் புத்தகத்தைப் பிடி; உன் பெயரை யார் எழுதி வைக்கப் போகிறார்?" என்று வகுப்பில் எல்லோர் முன்னும் யாம் கடிந்தது நினைவில் எழுந்து சுட்டது. அவரும் அதனை மறந்திலர். சிரித்தபடியே, "வினோதன் ஜோன் எண்டு கேள்விப்பட்டிருக்கிறியளோ, சேர்?" என்றார். யாம் கேள்விப்பட்டிலோம்.

பின்னர் தேடி அறிந்தோம். 1960இல் பிறந்தவர், மிதவேகப் பந்துவீச்சாளர். 1982இல் தடையை மீறித் தென்னாபிரிக்கா சென்ற வீரர்கள் விலக்கப்பட்டமையால் மெலிந்திருந்த இலங்கை அணியில், 1983 மார்ச்சில் நியூசிலாந்து மண்ணிலே டெஸ்ட் ஆடத் தொடங்கினார். வெலிங்டனில் 60 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள். எதிரணியை 201இல் அடக்கியும், எம்மவர் இரண்டாம் முறை 93 ஓட்டங்களுக்குச் சுருண்டு தோற்றனர்.

அவ்வாண்டு ஆடியில் இந்நகர்த் தமிழர் கடைகள் எரிந்தன, புறக்கோட்டையும் தப்பவில்லை. அடுத்த மார்ச்சில் கண்டியிலே ஜோன் இலங்கைக்காகப் பந்து வீசினார். இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது யாம் நூலை மூடிவைத்துச் சிறிது நேரம் வாளாவிருந்தோம்.

1984 ஆகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் சிதத் வெத்தமுனி 190 ஓட்டங்கள் குவித்தது பலர்க்கும் நினைவு. அதே ஆட்டத்தில் ஜோன் 98 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள் வீழ்த்தியதை நினைப்பவர் சிலரே. அதுவே அவரது இறுதி டெஸ்ட். ஆறே ஆட்டங்கள், 28 விக்கெட்டுகள், சராசரி 21.92. முத்தையா முரளிதரனின் 800 விக்கெட்டுகளுக்குச் சராசரி 22.72. ஆறினை 133 உடன் ஒப்பிடல் முறையன்று, யாமும் ஒப்பிடவில்லை. எனினும் அவ்வெண்ணை விட்டுக் கண் எளிதில் அகலவில்லை. ஒருநாள் ஆட்டங்களில் 1987 உலகக் கிண்ணம் வரை ஆடினார். அங்கே 45 ஆட்டங்களில் 34 விக்கெட்டுகளே. அது பெருமைக்குரிய கணக்கன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுமுறை புறக்கோட்டைக்குச் சென்றபோது, "நீர் பள்ளிக்காக எத்தனை விக்கெட் எடுத்தீர்?" என்று கேட்டோம். ஆணிகளை நிறுத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, "பதினொண்டு, சேர்" என்றார். பள்ளியின் பழைய ஸ்கோர் புத்தகங்களைப் புரட்டினோம். பதினொன்றும் இருந்தன, அவர் பெயரும் இருந்தது.

அன்று கடையிற் கேட்க நா எழாத மன்னிப்பை, இம்மலர் அவர் கைக்குச் சேரும் என்னும் துணிவில் இங்கே கேட்கின்றோம்.