மணியும் சீழ்க்கையும்

தாமஸ் மன் 1918இல் தன் நாய் பௌஷானைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அதன் தொடக்கத்தில் அவர் வீட்டிலிருந்து வெளியே வந்து சீழ்க்கையடிப்பார்; எங்கிருந்தோ நாய் பாய்ந்து வரும். இளவயதில் அதை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தபோதே எனக்கும் அப்படியொரு துணை வேண்டுமென்று தீர்மானித்துவிட்டேன். வாசிக்கையில் நாற்காலியடியில் படுத்திருக்க வேண்டும், சீழ்க்கையடித்தால் வரவேண்டும். இதற்குமேல் பெரிதாக எதையும் கேட்டுவிடவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகே அது வாய்த்தது. நான்கு வருடங்களுக்கு முன் ராஜபாளையம் சென்று நாற்பத்தைந்து நாள் குட்டியொன்றை வாங்கிவந்தேன். 2005இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றில் ஒன்றாக இருந்த இனம். பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள். மணி என்று பெயரிட்டோம். தமிழ்நாட்டில் நாய்க்கு வேறு பெயர் வைக்க என் மனைவி ஒப்பவில்லை.

பயிற்சி நூல்கள் இரண்டை வாங்கி முறைப்படி தொடங்கினேன். மூக்குக்கு மேலே பிஸ்கட்டை உயர்த்தி "உட்கார்" என்றால் உட்கார்ந்தது. கையைத் தாழ்த்திப் "படு" என்றால் படுத்தது. ஒரே வாரத்தில் இத்தனையும் கற்றுக்கொண்ட குட்டி, முதுகைக் காட்டி நிற்கையில் எத்தனை முறை பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பவே இல்லை. சீழ்க்கையும் பலிக்கவில்லை. "வேட்டைநாய்க்கு ரோஷம் ஜாஸ்தி சார், அடக்கித்தான் வளக்கணும்" என்றார் நாய் வளர்க்கும் நண்பர். அதுவே எனக்கும் சரியென்று பட்டது. எல்லாம் புரிந்தும் பணிய மறுக்கிற திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காவது மாதம் ஒரு மாலையில், திறந்திருந்த கேட்டின் வழியே மணி சாலைக்கு ஓடியது. எதிரே லாரி. நான் கத்தினேன், தெருவே திரும்பிப் பார்த்தது, மணி பார்க்கவில்லை. ஓட்டுநர் பிரேக் போட்டதால் பிழைத்தது. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துவந்து, கையிலிருந்த சிற்றிதழைச் சுருட்டி அடித்தேன். இதழ் கிழிந்த பிறகு கையால் அடித்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. அது கத்தாமல், என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

தீபாவளி வந்தது. பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருக்க, மணி கூடத்தில் மல்லாந்து தூங்கியது. "பாத்தியா, வீரன்" என்று மனைவியிடம் பெருமையடித்தேன். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏங்க, இதுக்குக் காது கேக்குதான்னு என்னைக்காவது பாத்தீங்களா?" என்றாள்.

கால்நடை மருத்துவர் அதை மேசைமேல் நிறுத்தி, பார்வைக்கு எட்டாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார். காதுமடல்கூட அசையவில்லை. வெள்ளை நாய்கள் சிலவற்றில் இது பிறவியிலேயே வருவதுண்டு என்றார். தோலுக்கு நிறம் தருகிற அதே வகை உயிரணுக்கள் உட்காதுக்கும் வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் நரம்பணுக்கள் அழிந்துவிடுமாம். நீலக்கண் பூனைகள் செவிடாக இருப்பதை டார்வின் 1859இலேயே எழுதியிருக்கிறார். அந்த நூலும் என் அலமாரியில்தான் இருந்தது. குட்டி உட்கார்ந்ததும் படுத்ததும் என் கையசைவைக் கண்டுதான், என் சொல்லைக் கேட்டு அல்ல.

"கவலப்படாதீங்க சார், வாய்க்குப் பதிலா கையால பேசுங்க" என்றார் மருத்துவர்.

என் கை செய்ததை அவரிடம் சொல்லவில்லை. உள்ளங்கையை நெஞ்சை நோக்கி மடக்கினால் 'வா', கையை விரித்து நிறுத்தினால் 'நில்', பெருவிரலை உயர்த்தினால் 'சபாஷ்' என்று மனைவியும் நானும் முடிவு செய்தோம். அவளுடைய கைக்கு மணி பத்து நாளில் பழகிவிட்டது. நான் கையைத் தூக்கினால் வாலை ஒடுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டது. அதனிடம் பேச எனக்கு வேறு வாயில்லை; இருந்த ஒன்றை நானே பாழாக்கியிருந்தேன்.

பாவ்லோவ் தன் சோதனைகளில் மணியைவிட மெட்ரோனோம் போன்ற கருவிகளையே அதிகம் பயன்படுத்தினார் என்று படித்தேன். என் மணிக்கு இரண்டுமே உதவாது. நூல்கள் சொல்வதில் ஒன்று மட்டும் மிஞ்சியது: நல்லது செய்த மறுநொடியில் வெகுமதி தரவேண்டும். காது கேளாத நாய் முதலில் கற்க வேண்டிய நல்லது, நம் முகத்தைப் பார்ப்பது. ஆகவே வேகவைத்த ஈரல் துண்டுகளோடு தரையில் உட்கார்ந்தேன். அழைக்க வழியில்லை. அதுவாக எப்போது பார்க்கிறதோ அப்போது ஒரு துண்டு. முதல் நாள் ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை பார்த்தது. மடியில் புத்தகம் வைத்துக்கொள்ளவும் முடியாது. அது பார்க்கும் கணம் தப்பிவிடும். அறுபது வயதுக்கு மேல் ஒரு ஜீவனை இவ்வளவு நேரம் வேறெதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தது அதுவே முதல்முறை. என் குழந்தைகளை இப்படிப் பார்த்ததில்லை என்பதை மனைவி சொல்லாமல் விட்டாள்.

சைகைகளை இடுப்புக்குக் கீழேயே செய்தேன். தூங்கும்போது திடீரென்று தொட்டால் திடுக்கிடும் என்பதால், முகத்தருகே கையை வைத்து வாசனை தெரிந்து விழிக்கட்டும் என்று காத்திருப்பேன். இரவில் தோட்டத்திலிருந்து அழைக்க டார்ச்சை இருமுறை அணைத்து எரிப்பேன். வாரின்றி இன்றுவரை வெளியே விட்டதில்லை. ஏழெட்டு மாதங்களுக்குப் பிறகு, நடையின்போது பத்தடிக்கொருமுறை தானாகவே நின்று என்னைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. அப்போதெல்லாம் பெருவிரலை உயர்த்துகிறேன். எதிரே வருகிற பால்காரர் அது தனக்கென்று நினைத்துப் பதிலுக்கு உயர்த்துகிறார்.

இப்போது வாசிக்கும்போது நாற்காலியடியில்தான் படுத்திருக்கிறது, ஒரு காலை என் பாதத்தின்மேல் போட்டுக்கொண்டு. நான் எழுந்துபோனால் தெரியவேண்டுமல்லவா. ஆனால் மேல்தட்டிலிருந்து ஏதாவது எடுக்கச் சட்டென்று கையை உயர்த்தினால் இன்றைக்கும் ஒருகணம் கண்ணை மூடித் தலையைத் தாழ்த்துகிறது. அடிக்கடி எடுக்கும் புத்தகங்களையெல்லாம் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டேன். தாமஸ் மன்னும் அங்கேதான் இருக்கிறார்.