ஈரக் கரண்டி

எங்கள் சமயநல்லூர் வீட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடிக்கு ஒரு சட்டம் இருந்தது. மாதத்தில் மூன்று நாள் நான் அதைத் தொடக் கூடாது. தொட்டால் கெட்டுப்போகும் என்பார் அப்பத்தா. எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது ஒருநாள் ஜாடியில் பூஞ்சை படர்ந்திருந்தது. "எவ தொட்டா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் தொடவில்லை. அப்பா ஈரக் கரண்டியை உள்ளே விட்டதை நானும் அம்மாவும் பார்த்திருந்தோம். அம்மா வாய் திறக்கவில்லை. மருமகள் பேச்சுக்கு அந்த வீட்டில் இடமில்லை. நானும் திறக்கவில்லை. பழி என்மேல் நின்றது.

பிறகு தமிழ் படித்து, தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தேன். ஒவ்வோர் ஆண்டும் புறநானூற்றின் 299ஆம் பாட்டில் வந்து நிற்பேன். பகையரசரின் குதிரைகள் போர்க்களத்தில் ஒதுங்கி நிற்கின்றன. முருகன் கோட்டத்தில் கலம் தொடாமல் விலகி நிற்கும் பெண்களைப் போல என்கிறது உவமை. பாடியவர் பொன்முடியார், ஒரு பெண். உவமையை விளக்கும்போது மாணவிகள் தலை குனிந்துகொள்வார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பாட்டு என்று யாருக்கும் தோன்றாது.

போன மாதம் மகள் சாக்லேட் குக்கீஸ் கேட்டாள். பேக்கரி கேக்கில் போடும் டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காயில் செய்வது. எனக்கு அது வேண்டாம். சந்தையில் நார்த்தங்காய் கிடந்தது. வாங்கி வந்த அன்று காலையில்தான் எனக்கு மாதவிலக்கும் வந்தது. தள்ளிப்போடலாமா என்று கை ஒரு கணம் தயங்கியது. நாற்பது வயது தாண்டியும் தயங்கியதில் எனக்கே வெட்கம். கத்தியை எடுத்தேன்.

தடித்த தோலைச் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, மூன்று முறை தண்ணீர் மாற்றி வேகவைத்தேன். கசப்பு பாதி இறங்கியது. தோலின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை, அதே அளவு தண்ணீர். சிறு தீயில் ஒரு மணி நேரத்தில் துண்டுகள் கண்ணாடி போலாயின. தட்டில் பரப்பி இரண்டு நாள் உலரவிட்டேன். ஊறுகாயில் உப்பு செய்வதைத்தான் இங்கே சர்க்கரை செய்கிறது. காயின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, பூஞ்சைக்குத் தண்ணீர் இல்லாமல் செய்துவிடுகிறது. பூஞ்சைக்கு ஈரம் மட்டும்தான் தெரியும். யார் தூரம், யார் தூரமில்லை என்று அதற்குத் தெரியாது.

மூன்றாம் நாள் 100 கிராம் வெண்ணெயையும் 100 கிராம் நாட்டுச் சர்க்கரையையும் குழைத்து, ஒரு முட்டை உடைத்து ஊற்றினேன். 150 கிராம் மைதா, 25 கிராம் கொக்கோ தூள், அரை டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு சலித்துச் சேர்த்தேன். பொடியாக நறுக்கிய தோல் ஒரு கைப்பிடி. உருட்டித் தட்டி, 170 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றிருக்கும், வேகவில்லையோ என்று மறுபடி உள்ளே வைக்கக் கூடாது. ஆற ஆற இறுகிவிடும்.

அம்மாவிடம் ஒன்று கொடுத்தேன். மென்றுகொண்டே, "கடைசில லேசாக் கசக்குதுடி" என்றார்.

"நார்த்தங்காய்ம்மா. இன்னிக்கு எனக்கு மூணாம் நாளு."

அம்மா கையிலிருந்ததைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு உங்கப்பா கரண்டிதான். நான் பாத்தேன்" என்றார்.

"நானும் பாத்தேன்ம்மா."

அவ்வளவுதான் பேசினோம். முப்பது வருஷம் ஆகியிருந்தது. அம்மா இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மிச்சத் தோலைப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். இன்றுவரை கெடவில்லை. மகள் அதில் கைவிடும்போதெல்லாம் உள்ளறையிலிருந்து அவள் அம்மாச்சி குரல் கொடுக்கிறார்: "கை ஈரமா இருக்கா பாரு!"

அதைத் தவிர வேறெதுவும் அவர் கேட்பதில்லை.