ஒரு போட்டோவும் பழைய ஹார்ட் டிஸ்க்கும்



போன மாதம் கினிகத்தேனை டவுனில் பழைய மாணவி ஒருவர் என்னைக் கண்டு நின்றார். "சேர், பரிசளிப்பு விழாவுல அம்மா எங்கூட நின்ன போட்டோ ஒங்ககிட்ட இருக்குமா? அம்மாவோட நல்ல போட்டோ வேற ஒன்னும் இல்ல" என்றார். தோட்டத்தில் கொழுந்து பறித்த தாய். இப்போது உயிரோடில்லை. "இருக்கும் மகள், இன்றைக்கு இரவே அனுப்புறேன்" என்று பெரிய நம்பிக்கையோடு சொல்லிவிட்டு வந்தேன்.

அனுப்ப முடியவில்லை. ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே நிலைமை இருக்கலாம்.

என் வீட்டில் உள்ளங்கை அளவு கம்பியூட்டர் ஒன்று இரவு பகலாக ஓடுகிறது. ராஸ்பெரி பை 4. ரௌட்டரோடு இணைத்திருக்கிறேன். கடந்தகால வினாத்தாள்கள், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள், கிவிக்ஸ் மூலம் தமிழ் விக்கிப்பீடியா எல்லாம் அதில் இருக்கின்றன. சனிக்கிழமை பிள்ளைகள் வந்து, டேட்டா செலவில்லாமல் வைஃபையில் போனுக்கு எடுத்துப் போவார்கள். கொரோனா காலத்தில் சிக்னலுக்காக மலை ஏறிய பிள்ளைகளை நாம் மறக்கவில்லை அல்லவா?

மெமரி கார்ட் நிறைந்ததும், கையிலிருந்த போர்ட்டபிள் டிஸ்க் இரண்டை யூஎஸ்பியில் செருகினேன். அங்கேதான் பிழைவிட்டேன். அந்தக் கம்பியூட்டரின் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 1.2 அம்பியர்தான் கிடைக்கும். ஒரு போர்ட்டபிள் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது தனியே 1 அம்பியர் வரை இழுக்கும். நம்ம ஊர் மழைக்குக் கரண்ட் விட்டுவிட்டு வருவது தெரியும்தானே. ஒவ்வொரு முறை கரண்ட் வந்ததும் இரண்டும் ஒன்றாக எழும்பப் பார்த்து, டிக் டிக் என்று சத்தம் போட்டு விழும். சில மாதங்களில் ஒன்று முற்றாக நின்றுவிட்டது. ஏழு வருடப் பாடசாலைப் படங்கள் அதில்தான் இருந்தன. மற்ற டிஸ்க்கில் வீடியோக்களும் பயான்களும். டிஸ்க் இரண்டு வைத்திருந்தேன், படங்களுக்குப் பிரதி ஒன்றுதான் வைத்திருந்தேன்.

குறைந்த செலவில் இப்போது செய்திருப்பது இதுதான்.

சிசிடிவி மாற்றிய ஒரு கடையில் கழற்றிப் போட்ட 2 டிபி டிஸ்க்கை வாங்கினேன். புதியதன் விலையில் பாதிகூட இல்லை. வாங்கும் முன் லெப்டொப்பில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்தேன். ஓடிய மணித்தியாலம் அதிகம்தான். வருடம் முழுக்க ஓடினால் 8,760 மணித்தியாலம் வரும், சிசிடிவி டிஸ்க் அப்படித்தான் ஓடும். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை 'ரீஅலோகேட்டட் செக்டர்', 'பெண்டிங் செக்டர்' என்ற இரண்டு. இரண்டும் பூச்சியமாக இருந்தன. பூச்சியம் இல்லாவிட்டால் இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

அதைத் தனி 12 வோல்ட் அடப்டர் உள்ள டொக்கில் போட்டேன். டிஸ்க்குக்கான கரண்ட் இப்போது சுவரிலிருந்து வருகிறது, கம்பியூட்டருக்குப் பாரமில்லை. 6 வொட் என்று வைத்தாலும் மாதத்துக்கு நாலரை யூனிட்டுக்குள்தான். லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 ஆக ஃபோர்மட் செய்தேன். பென்ட்ரைவில் வரும் எக்ஸ்ஃபேட் முறையில் ஜேர்னல் கிடையாது, எழுதும் நடுவில் கரண்ட் போனால் சேதம் அதிகம்.

ஒரு எச்சரிக்கை: நம்ப முடியாத விலைக்கு "2 டிபி பென்ட்ரைவ்" என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். நானும் ஒன்று வாங்கினேன். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் சோதித்தால், உள்ளே 32 ஜிபிதான். அதற்கு மேல் போட்டதெல்லாம் காற்றோடு போகும்.

ஆனால் டிஸ்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு நாள் நிற்கும். யமாமா யுத்தத்தில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதான பிறகுதான் அபூபக்ர் (ரழி) காலத்தில் குர்ஆன் ஒன்றுதிரட்டப்பட்டது. உஸ்மான் (ரழி) அதைப் பிரதி எடுத்து வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பினார்கள். இந்தப் பாடத்தை எத்தனையோ வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன், என் வீட்டில் செய்யவில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றோடு போயின.

எனவே இப்போது மிஞ்சிய போர்ட்டபிள் டிஸ்க்கில் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் பிரதி எடுத்து, கண்டியிலுள்ள தாத்தா வீட்டில் வைக்கிறேன். மண்சரிவோ இடியோ வந்தாலும் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வராது, இன்ஷா அல்லாஹ்.

இனி ஒரு வேண்டுகோள். 2018 பரிசளிப்பு விழாவில் நீங்கள் எடுத்த படங்கள் பழைய போனில், மெமரி கார்டில், வட்ஸ்அப்பில் எங்கேயாவது கிடந்தால் எனக்கு அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. மேடையின் இடது பக்கம், பச்சைச் சேலையில், மகளின் தோளில் கை வைத்து நிற்கும் ஒரு தாய். அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.