புதுப்பேட்டையில் ஹேண்டில் திருத்துவோர்

சென்னையில் எழும்பூருக்கு அருகே, கூவம் நதியை அடுத்திருக்கும் புதுப்பேட்டை, பழைய வாகனங்களைப் பிரித்து அவற்றின் உறுப்புகளை விற்பதற்குப் பெயர் போன இடம் என்பது நாடறிந்த விஷயம். கதவுகளும் கண்ணாடிகளும் கியர் பெட்டிகளும் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கிற அந்தச் சந்துகளில், விற்பதற்கென்று ஒரு சாமானும் வைத்துக்கொள்ளாமல், தம் கைத்திறமை ஒன்றையே மூலதனமாகக் கொண்டு, மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் பாரை ஓட்டுகிறவனுடைய சரீர வாகுக்குப் பொருந்தும்படி திருத்திக் கொடுக்கிற மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அவர்களுடைய வேலையை அருகிலிருந்து பார்க்கவேண்டும் என்ற அவாவினால், அத்தகைய பட்டறை ஒன்றின் வாசலில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

பட்டறை என்பது ஒரு சிறு தகரக் கொட்டகைதான். வேலையெல்லாம் அதற்கு முன்னால் தெருவோரத்திலேயே நடக்கிறது. அதன் தலைவர் அறுபது வயதைக் கடந்தவர்; அந்த வட்டாரம் முழுவதும் அவரை மரியாதையாக ‘பாய்’ என்றே அழைக்கிறது; நானும் அவ்வாறே அழைத்தேன். 1955இல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி திருவொற்றியூரில் செய்தனுப்பிய புல்லட்டும், ராஜ்தூத்தும், எஸ்டியும் தெருவை ஆண்ட காலத்தில், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தவர் அவர்.

காலையில் முதலாவதாக வந்தவர், வீடுவீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையிலுள்ள ஓர் இளைஞர். ராத்திரி படுத்த பிறகும் வலது கை மரத்துக் கிடக்கிறதென்றும், ஹேண்டிலை உயர்த்துவதற்கு ரைசர் வாங்கிப் போட வேண்டுமென்றும் சொன்னார். பாய் ரைசரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

“எந்த வெரலு தம்பி மரத்துப் போவுது?” என்று கேட்டார்.

“சுண்டு வெரலும் பக்கத்து வெரலும் பாய்.”

“சரி, வண்டி மேல ஏறி உக்காரு. ரெண்டு கையும் தொங்கப் போடு. கண்ண மூடிக்கோ. இப்ப மெதுவா தூக்கி ஹேண்டிலப் புடி.”

இளைஞரின் கைகள் கிரிப் இருந்த இடத்துக்கு நான்கு விரற்கடை முன்னதாகவே காற்றில் நின்றுவிட்டன. பிறகு தோளை முன்னால் தள்ளி, முழங்கையை முழுவதும் நீட்டித்தான் அவரால் கிரிப்பைத் தொட முடிந்தது. அந்த நான்கு விரற்கடைதான் வியாதி. முழங்கையின் உட்புறமாக இறங்கிச் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சியைக் கொண்டுசெல்கிற நரம்பு, உள்ளங்கையின் வெளியோரத்தில் அதிகச் சதைப் பாதுகாப்பின்றி ஓடுகிறது. ஓட்டுகிறவன் எட்டிப் பிடித்துத் தன் மேலுடம்பின் பாரத்தைக் கையில் ஊன்றும்போது அந்த நரம்பு கிரிப்புக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்குகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப் போனால் கதை வேறு. மணிக்கட்டின் நடுவே ஒரு குறுகிய வழியாகச் செல்கிற மற்றொரு நரம்பு, மணிக்கட்டு மடங்கியே இருப்பதால் அழுந்துகிறது என்று பொருள். அப்போது பார்க்க வேண்டியது கிளட்ச், பிரேக் லிவர்களின் கோணத்தை. வைத்திய சாஸ்திரம் நரம்புகளுக்குச் சூட்டிய பெயர்கள் பாய்க்குத் தெரியாது. ஆனால் எந்த விரல் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதன்பின் நடந்ததை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். பெட்ரோல் டேங்கின் மேல் நாலாக மடித்த பழைய போர்வையைப் பரப்பினார், ஸ்பேனர் தவறி விழுந்தாலும் பெயிண்டில் கீறல் விழாதபடி. ஹேண்டிலைத் தொடுவதற்கு முன் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கை முன்னும் பின்னும் அசைத்து, ஃபோர்க் திரும்புவதற்கு ஆதாரமான கோன் செட்டில் ஆட்டம் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். கீழே விழுந்த வண்டிகளில் பலவும் ஹேண்டில் வளைந்துவிட்டதென்று சொல்லிக்கொண்டு வருகின்றனவாம். ஆனால் உண்மையில் ஹேண்டிலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஃபோர்க் குழாய்கள்தான் தம் பிடியில் முறுக்கிக்கொண்டிருக்கும். ஆக்சிலையும் பிடிப்புப் போல்ட்டுகளையும் தளர்த்தி நேராக்கினால் புது ஹேண்டிலுக்கு அவசியமே இராது.

ஹேண்டிலைக் கவ்வி நிற்கும் இரண்டு கிளாம்ப்களிலும் இரண்டிரண்டாக நான்கு போல்ட்டுகள். அவற்றைக் கழற்றவில்லை, ஹேண்டில் கனமாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் தளர்த்தினார். இருபத்திரண்டு மில்லிமீட்டர் தடியுள்ள அந்தக் குழாயின் மீது கம்பெனிக்காரர்கள் குத்தி வைத்த ஒரு சிறு புள்ளி உண்டு. அது கிளாம்பின் விளிம்போடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. இந்த வண்டியில், முன்பு எங்கோ கழற்றி மாட்டியபோது, புள்ளி முன்புறமாக விலகிப் போயிருந்தது. “ஒரு நூலு பின்னால வரட்டும்” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பினார். இளைஞரை மறுபடி கண்ணை மூடச் சொன்னார். மறுபடி ஒரு நூல். கை தானாகப் போய்க் கிரிப்பில் உட்கார்ந்து, முழங்கை சற்றே மடங்கி நின்றதும், முன்பக்கத்துப் போல்ட்டுகளை முதலில் முழுக்க முடுக்கி, பிறகு பின்பக்கத்தவற்றை முடுக்கினார். இந்த வண்டியில் கிளாம்பின் இடைவெளி பின்புறத்தில்தான் இருக்க வேண்டுமாம். இருபுறமும் பாதிப் பாதியாக இடைவெளி விட்டு முடுக்கினால் பிடி சரியாக அமையாது என்றார்.

அதோடு வேலை தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஹேண்டில் திரும்பியபோது லிவர்களும் கூடவே திரும்பிவிட்டன அல்லவா? அவற்றைத் தளர்த்தி, கிரிப்பைப் பிடித்த விரல்களை நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் லிவரின் மேல் படியும்படி அமைத்தார். பிறகு இஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் மெதுவாகத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்டார். திருப்பும்போது இஞ்சின் தானாக இரைந்தால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். நெரிசலில் வளைந்து திரும்பும் வேளையில் வண்டி ஓட்டுகிறவனைக் கேளாமலே பாய்ந்துவிடும். கிளட்ச் கேபிளின் தளர்வையும், ஹெட்லைட்டின் பின்னால் வயர்கள் நசுங்காமலிருப்பதையும், பிரேக் ஆயில் டப்பா சாயாமல் மட்டமாக இருப்பதையும் அதே வரிசையில் பார்த்தார். டப்பா அதிகம் சாய்ந்தால் ஆயில் குறைந்த வேளையில் காற்றுப் புகுந்து பிரேக் தளர்ந்துவிடும்.

இளைஞர் ஒரு சுற்றுப் போய்வந்து, “தோள்பட்ட லேசாயிடுச்சு பாய்” என்றார். ரைசர் பேச்சு அதன்பின் எழவில்லை.

ரைசரோ வேறு ஹேண்டிலோ உண்மையாகவே தேவைப்படுகிறவர்களும் வந்தார்கள். உயரமான ஒருவருடைய வண்டிக்கு ஹேண்டில் மாற்றியபோதுதான் அந்த வேலையின் விஸ்தாரம் புரிந்தது. கேபிள்களும் பிரேக் ஹோஸும் நீளம் போதுமா என்பதை முதலில் ஒரு கயிற்றால் அளந்தார்கள். சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சின்ன முளை இருக்கிறது; பெட்டி சுழன்றுவிடாதபடி அது ஹேண்டிலில் உள்ள துளையில் போய் உட்காரும். புது ஹேண்டிலில் துளை இல்லாவிட்டால் சிலர் முளையை அறுத்தெறிந்துவிட்டுப் பெட்டியை இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். பாயிடம் வேலை கற்கிற பையனோ, இடத்தைக் குறித்து, துளையிட்டு, பிசிறை அரத்தால் நீவி, முளையை உட்கார வைத்து, ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டு அது தானாகத் திரும்புகிறதா என்று பலமுறை பார்த்தான். அந்தப் பையனுடைய பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அவர் மறுத்த வேலையும் உண்டு. ஒருவர் தம் ஹேண்டிலை நடுவில் அறுத்து, குட்டையாக்கி, வெல்டு வைத்துத் தரச் சொன்னார். பாய் முகம் கொடுக்கவில்லை. வெல்டு வைத்த இடத்தை ஒட்டி, ஓயாத அதிர்வினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, என்றோ ஒரு நாள் குழாய் கையோடு வந்துவிடும் என்றார். வண்டியின் பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை வலியுறுத்தியிருக்கிறது. பாய் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை, “புள்ள குட்டிக்காரன் சார், நாளைக்கு அவன் வூட்ல எனக்கு யாரு பதில் சொல்றது?” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

1985இல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்த புதிதில், இளைஞர்கள் கூட்டமாக வந்து ஹேண்டிலைத் தாழ்த்தித் தரச் சொன்னார்களாம். வேகமாகப் போகிற மனிதனின் தோற்றம் அதில் இருந்தது. அவர்களில் சிலர் இன்று நரைத்த தலையோடு வந்து, அதே கையால் உயர்த்தித் தரச் சொல்கிறார்கள். தாழ்ந்தால் பாரம் மணிக்கட்டில் இறங்கும். அளவுக்கு மீறி உயர்ந்தால் முதுகு நிமிர்ந்து, பள்ளத்தின் அதிர்ச்சி முழுவதும் நேரே இடுப்பில் ஏறும், காற்றும் மார்பில் மோதும். ஆகவே எல்லோருக்கும் பொதுவான உயரம் என்று ஒன்று கிடையாது. சட்டைக்கு அளவெடுக்கும் தையற்காரரைப் போல ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கூலியைப் பற்றிக் கேட்டபோது பாய் சற்றுத் தயங்கினார். சாமான் மாற்றினால் அதற்குரிய கூலியை மறுபேச்சின்றிக் கொடுக்கிறவர்கள், ஹேண்டிலை இருந்த இடத்திலேயே திருத்திக் கொடுத்தால், நாலு போல்ட்டைத் தளர்த்தி முடுக்கினதற்கு இவ்வளவா என்று கேட்டு, டீக்காசை நீட்டிவிட்டுப் போகிறார்களாம். காலையில் வந்த அந்த இளைஞர் கேட்டபடி ஒரு ஜோடி ரைசரை மாட்டியிருந்தால் பாய்க்குக் கூடுதலாக வருமானம் கிடைத்திருக்கும். இளைஞருக்கோ வீண் செலவு, கோளாறும் தீர்ந்திராது. வேண்டாத சாமானை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஞானத்துக்கு நம் ஊரில் விலை இல்லை. அதனால்தான் அவரிடம் வேலை கற்றவர்களில் பலர் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடைகளுக்குப் போய்விட்டார்கள். இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை.

கை மரத்தாலோ, தோளோ இடுப்போ வலித்தாலோ, புது ஹேண்டில் வாங்குவதற்கு முன்பாக, இருக்கிற ஹேண்டிலையும் லிவரையும் இத்தகைய கைகாரர் ஒருவரிடம் காட்டித் திருத்திப் பாருங்கள். திருத்தி முடித்ததும், கழற்றிய போல்ட்டுகளை எண்ணாமல், அவர் கேட்கிற கூலியை முழுவதுமாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.