நர்ஸுக்குப் படித்த பெண்ணும் உத்தியோகமும்

நம் வீடுகளில் பெண்ணுக்கு வரன் தேடுவதென்றால் இரண்டு வருஷம் முன்னதாகவே ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுகிறோம். அதே பெண்ணுக்கு உத்தியோகம் தேடும் விஷயத்தில் மட்டும், "பரீட்சை முடியட்டும், பட்டம் வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்கிறோம். இந்த 'அப்புறம்' நர்ஸுக்குப் படித்த பெண்களுக்கு எவ்வளவு நஷ்டம் உண்டாக்குகிறது என்பதை எங்கள் செம்பாக்கத்தில் நான் கண்டு வருகிறேன்.

என்னிடம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி பி.எஸ்ஸி. நர்ஸிங் தேறினாள். எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தாள். பிறகு பயம் பிடித்துக்கொண்டு, முதலில் அழைத்த சிறிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அவர்கள் கேட்டபடி அசல் சான்றிதழ்களைக் கொடுத்தாள்; இரண்டு வருஷ ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டாள். பின்னர் சர்க்கார் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்க அழைப்பு வந்தபோது அவள் கையில் நகல்தான் இருந்தது. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. அத்தகையவை பல உண்டு. தாமதம் பயத்தைத் தருகிறது. பயம் எதிலும் கையெழுத்திடச் செய்கிறது.

அப்படியானால் எப்போது தொடங்குவது? நான்கு வருஷப் படிப்பின் கடைசி அரையாண்டில், வார்டில் பயிற்சி பெறும்போதே தொடங்க வேண்டும். தலைமை நர்ஸ் அவள் வேலையை நேரில் பார்ப்பது அப்போதுதான். தீவிர சிகிச்சையா, பிரசவமா, குழந்தை வைத்தியமா, எதில் தன் கை தேறியிருக்கிறது என்பதை அவளும் அப்போது அறியலாம். செய்த வேலைகளைக் குறித்த பயிற்சி ஏட்டையும் ஆசிரியைகளின் நற்சாட்சிப் பத்திரங்களையும் அச்சமயமே தயார் செய்துகொள்வது உசிதம்.

தேறியவுடன் தமிழ்நாடு நர்ஸுகள், மருத்துவச்சிகள் கவுன்ஸிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தப் பதிவு இல்லாவிடில், நமது மாநில மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு மனுச் செய்யவும் முடியாது. டில்லி எய்ம்ஸ் நடத்தும் 'நார்செட்' பரீட்சைக்கும் தகுதி கிடையாது. வெளிநாடு போக விரும்புகிறவள், தரகரிடம் பணத்தைக் கொடுக்குமுன், 1978-ல் தமிழ்நாடு சர்க்கார் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிக்கட்டும்.

சம்பளப் பேச்சுக்கும் ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் இட்ட உத்தரவின்பேரில் மத்திய சர்க்கார் அமைத்த கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றது. 200 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் சர்க்கார் நர்ஸுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்றது. சிபாரிசு சட்டமாகிவிடாது என்பது வாஸ்தவம். ஆயினும், எண்ணை அறிந்து பேசுகிறவளுக்கும் அறியாமல் தலையசைக்கிறவளுக்கும் வித்தியாசம் உண்டு.

எங்கள் ஊருக்கு அருகில் சானடோரியம் என்ற ரயில் நிலையம் இருக்கிறது. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து நிறுவிய க்ஷயரோக ஆஸ்பத்திரியால் வந்த பெயர் அது. க்ஷயத்துக்குத் தக்க மருந்தே இல்லாத அந்த நாளில் நல்ல காற்றும், நல்ல உணவும், அருகிலிருந்து பார்த்துக்கொண்டவர்களின் கையுமே சிகிச்சை. அந்தக் கைக்குத் தேசம் கடமைப்பட்டிருக்கிறது. அத்தொழிலைக் கற்றவள் யாசகம் கேட்பவள்போல் ஏன் போய் நிற்க வேண்டும்?

பெற்றோர்களே! உங்கள் பெண் கடைசி வருஷத்தில் இருந்தால், பட்டத்துக்காகக் காத்திராதீர்கள். இந்த வாரமே அவளுடன் உட்கார்ந்து பேசுங்கள். அசல் சான்றிதழ்கள் மட்டும் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.