நம் அணியும் நம் நம்பிக்கையும்

ஊர்ப்பற்று பல வடிவங்களில் வெளிப்படும். ஒருவர் தம் ஊர்க் குளத்தைத் தூர்வாருவார். மற்றொருவர் தாம் பயின்ற பள்ளிக்கு நூல்கள் வழங்குவார். இவற்றைப் போல் உடனடிப் பயன் தருவதன்று எனினும், தம் மண்ணின் விளையாட்டு அணி வெல்ல வேண்டுமென்று ஆண்டுதோறும் காத்திருப்பதும் ஊர்ப்பற்றின் ஒரு வடிவமே. தமிழ்த்துறை மலரில் கிரிக்கெட்டுக்கு என்ன இடம் என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் வினவக்கூடும். நாம் எழுதப் புகுவது ஆட்டத்தைப் பற்றி மட்டுமன்று. நம்பிக்கை என்னும் சொல்லுக்கு அந்த ஆட்டமும் நம் தந்தையாரும் சேர்ந்து நமக்குக் கற்பித்த பொருளைப் பற்றியே எழுதுகிறோம்.

நாம் வளர்ந்தது கும்மிடிப்பூண்டியில். பழவேற்காட்டைச் சேர்ந்த நம் தந்தையார், சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் வேலை கிடைத்தபின் குடும்பத்தை இங்கே அழைத்து வந்தார். எந்த ஷிப்டானாலும் அவருடைய பையில் சோற்றுப் பாத்திரத்தோடு ஒரு சிறிய டிரான்சிஸ்டரும் இருக்கும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோர் வானொலியில் தமிழில் நேர்முக வருணனை செய்துவந்த காலம் அது. ஆங்கிலம் அறியாத தொழிலாளரும் ஆட்டத்தின் நுட்பங்களைப் பேசித் தீர்த்தது அந்தத் தமிழின் துணையால்தான். நல்ல தமிழ் வகுப்பறைக்கு வெளியிலும் வாழ்கிறது என்பதை நாம் முதன்முதலில் அறிந்ததும் அந்த டிரான்சிஸ்டரின் வழியேதான்.

1988ஆம் ஆண்டு ரஞ்சிக் கோப்பையின் இறுதியாட்டம் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. தமிழ்நாட்டை எதிர்த்து ஆடியது ரயில்வே அணி. இரவுப் பணி முடித்து வந்த தந்தையார், ஒருநாள் உறங்கச் செல்லாமல், பத்து வயதே நிரம்பிய நம்மை மின்சார ரயிலில் அழைத்துச் சென்றார். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் எனக் கடந்து சென்ட்ரலில் இறங்கிச் சேப்பாக்கம் வரை நடந்தோம். ஆட்டத்தின் நுணுக்கம் எதுவும் அன்று நமக்கு விளங்கவில்லை. வெயிலும் வேர்க்கடலையும் தந்தையாரின் தோளில் சாய்ந்து உறங்கியதும் மட்டுமே நினைவில் உள்ளன. எஸ். வாசுதேவன் தலைமையிலான நம் அணி இன்னிங்ஸ் வெற்றி பெற்ற செய்தியை வானொலியில் கேட்டபோது தந்தையார் சொன்னார்: "நல்லா ஞாபகம் வெச்சுக்க. முப்பத்துமூணு வருஷம் கழிச்சு வந்திருக்கு. அடுத்த தடவை ஜெயிக்கறப்ப, கடைசி நாள் ஆட்டத்துக்கே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

அந்த அடுத்த தடவை இன்னும் வரவில்லை.

நம் அணியின் வரலாறு எளியதன்று. 1934 நவம்பர் 4ஆம் நாள் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்ததே சேப்பாக்கத்தில்தான். மைசூர் அணியைச் சென்னை அணி ஒரே நாளில் வென்றது, ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவர் மகன் கிருபால் சிங், 1955இல் இந்தூரில் ஹோல்கர் அணியை வென்று முதற் கோப்பையைக் கொணர்ந்த அணியில் ஆடினார். பேரன் அர்ஜன் கிருபால் சிங் 1989இல் கோவா அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 302 ஓட்டங்கள் குவித்தார். ஒரு சீக்கியக் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தமிழ்நாட்டு அணிக்கு உழைத்திருக்கிறது. பிற மாநிலத் தொழிலாளர் பலர் வந்து வாழும் கும்மிடிப்பூண்டியில் இருப்போர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். ஓர் ஊருக்காக உழைப்பவர் அந்த ஊருக்கு உரியவராகிறார்.

1988க்குப் பின்னர் நம் அணி இறுதியாட்டம் வரை செல்லாமல் இல்லை. 1992இல் டெல்லியிடமும், 1996இல் கர்நாடகத்திடமும், 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் மும்பையிடமும், 2012இல் ராஜஸ்தானிடமும், 2015இல் மீண்டும் கர்நாடகத்திடமும் தோற்றது. இந்த ஆறு தோல்விகளில் மூன்று சேப்பாக்கத்திலேயே நேர்ந்தவை. அந்த ஆண்டுகளை நம் தந்தையார் உறவினரின் மறைவு நாட்களைப் போல் வரிசையாகச் சொல்வார்.

இடையில் நம் மாவட்டத்துக்கே ஓர் அணி வாய்த்தது. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகளுள் ஒன்று 'திருவள்ளூர் வீரன்ஸ்' என்னும் பெயர் தாங்கியது. ஆட்டங்கள் சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலி ஆகிய இடங்களில் நடந்தன; திருவள்ளூர் மண்ணில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஆயினும் தொலைக்காட்சியில் நம் மாவட்டத்தின் பெயர் ஒளிர்ந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி சிறிதன்று. 2018இல் அந்த அணி 'காஞ்சி வீரன்ஸ்' எனப் பெயர் மாறியது. இரண்டே பருவங்களில் நம் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிற்று. மாறாமல் நமக்கு எஞ்சியது மாநில அணியே.

2021ஆம் ஆண்டு நம் தந்தையாரின் கணக்கில் முக்கியமானது. முதற் கோப்பைக்கும் இரண்டாம் கோப்பைக்கும் இடைப்பட்ட 33 ஆண்டுகள், இரண்டாம் கோப்பைக்குப் பின்னரும் அவ்வாண்டோடு நிறைவுற்றன. ஆனால் கொரோனாவின் காரணமாக அந்தப் பருவத்தில் ரஞ்சிப் போட்டியே நடைபெறவில்லை. ஆறுதலாக, இருபது ஓவர் ஆட்டங்களுக்குரிய சையது முஷ்டாக் அலி கோப்பையை அவ்வாண்டின் ஜனவரியிலும் நவம்பரிலும் நம் அணி வென்றது. நவம்பர் 22ஆம் நாள் டெல்லியில் கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 5 ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில், ஷாருக் கான் அதனை ஆறு ஓட்டமாக எல்லைக்கு அப்பால் அனுப்பினார். அன்று தந்தையார் சிறுவரைப் போல் கைதட்டினார். பின்னர், "இது இனிப்பு, சோறு இன்னும் வரலை" என்றார்.

இனி நாம் சொல்ல வேண்டிய செய்தி நம் பிழையைப் பற்றியது. பல ஆண்டு ஆலை இரைச்சலால் தந்தையாரின் செவித்திறன் பெரிதும் குறைந்துவிட்டது. கண்புரை அறுவைக்குப் பின் சில வாரங்கள் தொலைக்காட்சியும் பார்க்கவில்லை. ஆகவே ஆட்டத்தின் நிலையை நாள்காட்டித் தாளின் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவது நம் கடமையாயிற்று. 2024 மார்ச்சில் மும்பையில் அரையிறுதி. முதலில் மட்டைபிடித்த நம் அணி 146 ஓட்டங்களில் சுருண்டது. இரண்டாம் நாளான ஞாயிறன்று மும்பை 106 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை இழந்தது. தலைவர் சாய் கிஷோர் விக்கெட்டுகளை அள்ளிக்கொண்டிருந்தார். அதனை எழுதிக் காட்டியபோது தந்தையார் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதன்பின் ஷர்துல் தாக்குர் 109 ஓட்டங்கள் எடுத்தார். தனுஷ் கோட்டியன் 89 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். மும்பை 378ஐ எட்டியது. மறுநாள் நம் அணி 162க்கு வீழ்ந்து, ஓர் இன்னிங்ஸ் 70 ஓட்டங்களில் தோற்றது. அந்த முகத்தை வாடவைக்க நமக்கு மனம் வரவில்லை. "மழை, ஆட்டம் நிற்கிறது" என்று எழுதிக் காட்டினோம். இரண்டு நாட்கள் கழித்து, வீட்டுக்கு வந்த பழைய ஆலைத் தோழர் ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார். தந்தையார் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. வெகுநேரம் கழித்து, "தோத்ததைச் சொல்லாதவன் நாளைக்கு ஜெயிச்சோம்னு சொன்னா நான் எப்படி நம்புறது?" என்று மட்டும் கேட்டார்.

மாணவர்க்கு உண்மை போதிக்கும் தொழிலில் இருக்கும் நாம் தலைகுனிந்து நின்றோம். அவருடைய நம்பிக்கை தோல்வியை அறியாததால் வாழ்வது என்று நாம் எண்ணியிருந்தோம். ஒவ்வொரு தோல்வியையும் முழுதாக அறிந்தபின் மறுபடியும் எழுவதே அவருடைய நம்பிக்கை என்று அன்றுதான் உணர்ந்தோம். பொய்யால் அதனைக் காக்க முயன்ற நாம், அதன் வேரிலேயே கைவைத்திருந்தோம்.

ஆகவே வரும் பருவத்தைப் பற்றிய நம் நம்பிக்கையை உண்மையோடு சேர்த்தே எழுதுகிறோம். ரஞ்சியில் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தால் முதல் இன்னிங்ஸில் முந்திய அணிக்கே மேன்மை. லீக் ஆட்டமாயின் அதற்கு 3 புள்ளிகள், பின்தங்கியதற்கு 1 புள்ளி. வெளியேற்றுச் சுற்றாயின் முந்திய அணியே முன்னேறும். நம் தோல்விகளை இந்தக் கண்கொண்டு பார்த்தால் குறை எங்கே என்பது தெளிவாகும். 2012இல் ராஜஸ்தானின் 621க்கு நாம் எடுத்தது 295, 2015இல் கர்நாடகத்தின் 762க்கு நாம் எடுத்தது 134, 2024இல் 146. முதல் இன்னிங்ஸில் நிலைத்து நிற்கும் பொறுமையே நமக்கு வேண்டுவது. சாய் சுதர்சன், வாஷிங்டன் சுந்தர் போன்றோர் இந்திய அணிக்குச் செல்வது நமக்குப் பெருமையே. அவர்களின் இடத்தை நிரப்ப இளைஞர் உருவாக வேண்டும். வெளியூர் ஆடுகளங்களுக்கு ஏற்ற வேகப்பந்து வீச்சாளரும் வேண்டும். சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய நடராஜன் இந்திய அணி வரை சென்றார். சிப்காட் சாலையோர மைதானங்களில் ஞாயிறுதோறும் அதே டென்னிஸ் பந்தை வீசும் நம் பிள்ளைகளுள் ஒருவர் அவ்வாறு வளரக் கூடாதா?

மாணவச் செல்வங்களே! தேர்விலும் வேலை தேடலிலும் உங்களுக்குத் தோல்விகள் நேரலாம். அவற்றை வீட்டில் மறைக்காதீர்கள். உங்களை நம்பும் பெற்றோர் உண்மையைத் தாங்கும் வலிமை உடையவர்கள். பெரியோர்களே! பிள்ளைகள் தோற்று வரும் நாளிலும் வாசலில் காத்திருங்கள்.

நம் தந்தையார் இப்போது பழைய நாள்காட்டித் தாள்களைக் கத்தரித்து, கயிற்றில் கோத்து, அடுத்த பருவத்துக்கென அடுக்கி வைத்திருக்கிறார். அவற்றில் இனி நாம் எழுதப்போவது வெற்றியோ தோல்வியோ, நடந்ததை நடந்தவாறே எழுதுவோம். வெற்றி என்று எழுதும் நாள் வந்தால், கும்மிடிப்பூண்டியிலிருந்து சேப்பாக்கத்துக்கு அவரை நாம் அழைத்துச் செல்வோம். இம்முறை தோள் கொடுப்பது நம் முறை.